நான்கு விநாடி

ஷிஃபானாவின் குரல்செய்தி, இரவு பதினொன்றேகால்:
"வாறாங்க, போறாங்க,
ஒருத்தரும் நிக்கிறாங்க இல்ல.
முன்பக்கத்தைக் கொஞ்சம் மினுங்க வைங்க."

மினுங்க வைத்தேன்.
ஐந்து குடைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு
திரையில் ஓடின,
ஒன்றைப் பார்த்து முடிக்குமுன் மற்றது.
மூன்றாம் விநாடியில் ஒரு பெட்டி குதித்தது:
மின்னஞ்சல் தாருங்கள், பத்து வீதம் கழிவு.
அதை மூட ஒரு பெருக்கல் குறி,
எறும்பின் கால் அளவு.

நூறு பேர் வந்தால் ஆறு பேர் மிஞ்சினார்கள்.
சராசரி நான்கு விநாடி.
அந்த ஆறில் ஒருவன் நான்.

செவ்வாய்க்கிழமை பணம் வாங்கப் புறக்கோட்டை போனேன்.
கிடைக்கவில்லை, அது வேறு கதை.
இரண்டாம் குறுக்குத் தெருவில்
மூன்று மணிக்கு வானம் கறுத்து
மூன்று ஐந்துக்கு உடைந்தது.
நாட்டாமி ஒருவர் துணிப்பொதி வண்டியோடு,
வங்கிச் சீருடையில் இரண்டு பெண்கள்,
பாணை மார்போடு அணைத்த பையன்,
லொத்தர் பலகையைத் தலைக்குப் பிடித்த மனிதர்,
எல்லோரும் கடையின் தகரத்துக்குக் கீழே.
குடைக் கடையில்
குடை வாங்க வந்தவர் ஒருவரும் இல்லை.

எண்ணத் தொடங்கினேன், தொழில் பழக்கம்.
நான்கு விநாடி. நாற்பது. நாலு நிமிடம்.
கவுண்டரில் இருந்த சிறில்
என்ன வேணும் என்று யார் மேலும் குதிக்கவில்லை.
வண்டிக்கு இடம் விட
ஸ்டூலை உள்ளே இழுத்தார், அவ்வளவுதான்.
ஒரே ஒரு குடை விரிந்தபடி தொங்கியது:
கருநீலம், மரப்பிடி,
அட்டையில் மூன்று மொழியில் விலை.
பன்னிரண்டாம் நிமிடம்
வங்கிப் பெண்களில் குள்ளமானவள்
அதன் கம்பியை விரலால் சுண்டிப் பார்த்தாள்.
பதினான்காம் நிமிடம் விலையை வாசித்தாள்.
மழை விட்டது.
வாங்காமல் போனாள்.
முனையில் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்,
அதையும் குறித்துக்கொண்டேன்.

நூறாம் இலக்க பஸ்.
கொள்ளுப்பிட்டி தாண்ட சிக்னல் அறுந்தது.
என் கையில் எங்கள் கடை
வெறும் வெள்ளையாய்,
நடுவில் ஒரு வட்டம் சுற்றச் சுற்ற
பம்பலப்பிட்டி வரை வந்தது.
பக்கத்தில் நின்றவர்
அந்த வட்டத்தை என்னோடு சேர்ந்து பார்த்தார்.
பிறகு குறுக்கு ஒழுங்கையின் முடிவில்
கடலைப் பார்த்தார்.
கடல் உடனே திறந்தது.

அன்றிரவு அழித்தேன்.
ஐந்து குடையில் நான்கை.
குதிக்கும் பெட்டியை.
'நம்பிக்கையின் நாற்பது ஆண்டுகள்' என்ற
தங்க எழுத்தையும், ஷிஃபானாவிடம் கேட்காமலே.
மிஞ்சியது கருநீலக் குடை ஒன்று,
விலை,
கடை பூட்டும் நேரம்.
அடியில் ஒரு வரி, எழுதி எழுதி அழித்து
கடைசியில் இப்படி:
மழை விடும்வரை நிற்கலாம்.

இணையத்தில் மழை இல்லை, தெரியும்.
யாரையும் எங்கேயும் ஒதுங்க வைக்காத வெளி அது.
விரல் அசைந்தால் அடுத்த தெரு,
அதற்கும் அடுத்த தெரு,
ஒரு சொட்டும் மேலே படாமல்.

இரண்டு வாரம்.
நான்கு, பதினொன்றானது.
"பதினொரு விநாடியா? இவ்வளவுதானா?"
ஷிஃபானாவின் குரலுக்குப் பின்னால்
தகரம் இரைந்துகொண்டிருந்தது.
பதில் அனுப்புமுன்
பதினொன்றை வாய்விட்டு எண்ணிப் பார்த்தேன்.
நீங்களும் எண்ணிப் பாருங்கள்.
பெயர் தெரியாத ஒருவர் உங்கள் வாசலில்
அத்தனை நேரம் நிற்பது
சின்ன விஷயம் இல்லை.

பணம் பாதி வந்தது.
புதன் இரவுப் பதிவில் ஒரு வரி:
வத்தளையிலிருந்து யாரோ,
இரண்டு ஏழுக்கு உள்ளே வந்து
நாற்பத்தொரு நிமிடம்.
எதையும் தொடவில்லை.
தூங்கிப் போயிருக்கலாம்,
கைப்பேசி தலையணையில்,
குடை விரிந்தபடி.